பார்த்தவர் பெயர்

அன்னப்பூரணி கோபப்பட்டால் ஆரையம்பதி பிரதான வீதியில் நாலு கடை தள்ளிக் கேட்கும். போன் கதைக்கிற அவளுடைய கொமினிக்கேஷன் கடைக்குப் போட்டோக் கொப்பி எடுக்க வருகிறவர்கள் முதலில் வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் சரியில்லை என்றால் அடையாள அட்டையைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாறன்கா" என்று நழுவிவிடுவார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. கத்தாரில் இருக்கிற மகனோடு ஒரு தாய் அங்கே நின்று கதைத்துவிட்டுப் போனை வைத்தால், வைத்த கையோடு அன்னப்பூரணி அவளைப் பிடித்துக்கொள்வாள்.

"சுகமா இருக்கன் எண்டு ஏன்கா சொன்னீங்க? காலில புண்ணோட நிண்டு கதைக்கிறீங்க. அந்தப் புள்ளைக்குப் பாக்க ஏலாது. பாக்க ஏலாதவனுக்கு உள்ளதையெல்லோ சொல்லவேணும்!"

அந்தத் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போவாள். அடுத்த கிழமையும் அந்தக் கடைக்குத்தான் வருவாள்.

இப்படிப்பட்ட கோபக்காரி கொக்கு எண்ணுகிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது ஊருக்குப் பெரிய வேடிக்கை. யுத்தநிறுத்தம் வந்த வருஷம், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்ற நல்லரத்தினம் ஒரு கட்டுத் தாளோடு அவளுடைய கடைக்கு வந்தார். கொப்பி எடுக்கும்போது அவள் வாசித்தாள். கூழைக்கடா, நீர்க்காகம், உள்ளான், ஆலா என்று வரிசையாகப் பறவைப் பெயர்கள், பக்கத்தில் எண்ணிக்கை எழுதக் கட்டங்கள். தலைப்பில் வாவிக்கரை இயற்கைக் கழகம் என்று இருந்தது.

"ஓவசியர், உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். "இருவது வருஷமா இஞ்ச செத்த மனிசரை ஒருத்தரும் ஒழுங்கா எண்ணயில்ல. நீங்க கொக்கு எண்ணுறீங்க."

ஓவசியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "வாற ஞாயிறு வந்து பாருங்க புள்ள. மறுகா ஏசுங்க."

ஏசுவதற்காகவே போனாள். காத்தான்குடியில் ஹில்மி என்கிற இளைஞனின் ஸ்டூடியோப் பின்னறையில்தான் கழகம் கூடும். சுவரில் கல்யாணச் சோடிகளை நிறுத்திப் படம் பிடிக்கிற பனிமலைத் திரை தொங்கும். அதற்கு முன்னால் எட்டுப் பத்துப் பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து, கரையொதுங்கிய ஆமையைப் பற்றியும் கண்டல் மரம் வெட்டுகிறவர்களைப் பற்றியும் வாதாடுவார்கள். பாம்பு புகுந்த வீட்டுக்கு யார் போவது என்பதில் சண்டை நடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வாவிக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவார்கள். தை மாதம் வந்தால் எல்லாரும் சோடி சோடியாகப் பிரிந்து வாவி முழுக்க நீர்ப்பறவைகளை எண்ணி, கணக்கைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அன்னப்பூரணி முதல் நாளே மூன்று பேரோடு சண்டை பிடித்துவிட்டு, திரும்பி வரும்போது செயலாளராக வந்தாள். போட்டோக் கொப்பி மெசின் இருக்கிறவளை யார் விடுவார்கள்?

அந்த எண்ணுகிற வேலைக்கு ஓவசியர் வைத்த ஒழுங்கு ஒன்று இருந்தது. ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும், மற்றவர் எழுதவேண்டும். பார்க்கிறவர் எழுதக்கூடாது. எழுதக் குனிந்தால் கண் கூட்டத்தை விட்டுப் போய்விடும். எழுதுகிறவர் தலையை நிமிர்த்தக்கூடாது. நிமிர்த்தினால் இவர் ஒரு கணக்குச் சொல்வார், அவர் ஒரு கணக்குச் சொல்வார். அக்கரையில் தெரிகிற பனைகளை அடையாளம் வைத்துத் தண்ணீரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டு முடியாமல் அடுத்த துண்டுக்குப் போகக்கூடாது. போகமுடியாத இடம் என்றால் 'பார்க்கவில்லை' என்று எழுதவேண்டும். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் மட்டும் சைபர். கடைசியில் தாளின் அடியில் பார்த்தவர் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கவேண்டும்.

அன்னப்பூரணிக்கு இந்த ஒழுங்கு பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கண் கூர்மை, ஓவசியருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டு பேரும் சோடி சேர்ந்தார்கள். மண்முனைத் துறையில் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற 'பாதை' என்கிற மிதவையில் அக்கரைக்குப் போய், படுவான்கரைப் பக்கம் கோரைமுனை என்கிற சேற்றுத்தரையை அவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய தம்பி சிவதர்ஷன் சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு கூட வருவான். பறவைகளில் அவனுக்கு அக்கறை இல்லை. அக்காவும் ஓவசியரும் பிடிக்கிற சண்டையைப் பார்க்கத்தான் வந்தான்.

யுத்தநிறுத்தத்தின்போது வந்த இரண்டு தையிலும் கோரைமுனையில் ஊசிவால் தாராக்கள் தண்ணீரைத் தெரியவிடாமல் கிடந்தன. உள்ளான் கூட்டம் எழும்பித் திரும்பும்போது சேறே எழும்புவதுபோல இருந்தது. "பத்து, பத்து, பத்து, பத்து..." என்று அன்னப்பூரணி தொண்டை கட்டும்வரை சொன்னாள். "ஆறுதலாச் சொல்லுங்க புள்ள, பேனை சூடாகுது" என்றார் ஓவசியர். சிவதர்ஷன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இரண்டாவது தை வந்த வருஷக் கடைசியில், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், கடல் ஊருக்குள் வந்தது.

அன்னப்பூரணியும் தம்பியும் கடையில் நின்றார்கள். தாய் சீதேவிப்பிள்ளை கடற்கரைப் பக்கத்து வீட்டில் தனியே இருந்தாள். தண்ணீர் வடிந்தபின் ஓடிப்போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. கடல் சில இடங்களில் ஊரைக் குறுக்கறுத்துக்கொண்டு போய் வாவிக்குள் இறங்கியிருந்தது. வீட்டுக் கூரைகளும் கட்டில்களும் அங்கேயும் மிதந்தன, மனிதர்களும் மிதந்தார்கள்.

மறுநாள் காலை கழகத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வாவிக்கரைக்கு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. காத்தான்குடியும் அடிபட்டுக் கிடந்தது. ஹில்மியின் சாச்சாவின் குடும்பத்தை அன்று விடியத்தான் அடக்கம் செய்திருந்தார்கள். அந்த மண் கையோடு, கத்தாரில் இருந்து வாங்கிவந்த பெரிய தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிராம அலுவலர் ஒருவர் அவசரத்தில், வாவிப் பக்கம் இறந்தவர்கள் ஒருவரும் இல்லை என்று எழுதிக்கொண்டு புறப்பட்டார். ஓவசியர் அவர் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். அவர் சத்தம் போட்டதை அன்றைக்குத்தான் அன்னப்பூரணி கேட்டாள்.

"பாக்காத இடத்துக்கு இல்லையெண்டு எழுதாதீங்க! நாங்க பாத்துச் சொல்றம். மறுகா எழுதுங்க."

பறவை எண்ணுகிற அதே ஒழுங்கில் அவர்கள் வாவியைப் பார்த்தார்கள். இந்தப் பனையில் இருந்து அந்தப் பனை வரைக்கும் ஒரு துண்டு. ஹில்மி பார்த்துச் சொன்னான். அன்னப்பூரணி எழுதினாள், ஏனென்றால் அன்று அவளுடைய கண் எதிலும் நிற்கவில்லை. தோணிக்காரர்கள் சொன்ன இடத்துக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் நாள் நடுப்பகலில் ஹில்மி, "பொம்பிளை. வயசானவ. பச்சைச் சீலை" என்றான். அவள் குனிந்தபடியே எழுதினாள். எழுதி முடித்தபின் பேனையை வைக்காமல், "சீலைக்கரை என்ன நிறம் ஹில்மி?" என்று கேட்டாள். ஹில்மி தொலைநோக்கியில் இருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

தாயை அவளால் எடுத்துப் புதைக்க முடிந்தது. அந்த நாட்களில் அது எல்லாருக்கும் வாய்க்கவில்லை. தேடத் தெரிந்தவர்கள் தேடியதால்தான் அம்மா கிடைத்தாள் என்று அவள் கடைசிவரை சொல்லுவாள். ஓவசியர் மேல் அவள் வைத்த மரியாதை அன்றையில் இருந்து வேறு மாதிரி ஆனது.

அடுத்த தையில் யாரும் எண்ணப் போகவில்லை. கோரைமுனைக்கு நேரே 'பார்க்கவில்லை' என்று எழுதினார்கள். அதற்கடுத்த தையில் யுத்தநிறுத்தம் ஆட்டங்கண்டு துறையில் காவல் கூடிவிட்டது, தொலைநோக்கியோடு போனால் ஒரு பக்கத்தாரும் அடிப்பார்கள், மற்றப் பக்கத்தாரும் அடிப்பார்கள். மறுபடியும் 'பார்க்கவில்லை'.

சிவதர்ஷன் அதற்குள் மேசன் வேலை பழகிவிட்டான். சுனாமி வீடுகள் கட்டுகிற காலம், வேலைக்குக் குறைவில்லை. படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடச் சுவர் கட்டவேண்டும் என்று, கரண்டியும் மட்டப்பலகையும் கட்டிய சைக்கிளோடு பாதையில் ஏறி அக்கரைக்குப் போனான். அவள் எவ்வளவோ ஏசிப் பார்த்தாள். "ரெண்டு கிழமைதானே அக்கா, கத்தாதீங்க" என்றான். அவன் போய்க் கொஞ்ச நாளில் அக்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. சனம் மூட்டை முடிச்சோடு இக்கரைக்கு வந்தது. அவனோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். அவனுடைய சைக்கிளைக்கூட ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். அவன் வரவில்லை.

யார் கொண்டுபோனார்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பேர் சொன்னார்கள். அன்னப்பூரணி கடையைப் பூட்டிவிட்டு முகாம் முகாமாகப் போனாள். வாழைச்சேனை வரை போனாள். ஒவ்வோரிடத்திலும் ஒரு மேசை இருந்தது, அதற்குப் பின்னால் ஒருவன் இருந்தான். ஓரிடத்தில் அவள் தம்பியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், மேசைக்காரன் குனிந்த தலையை நிமிர்த்தாமல், "அப்படி ஒருத்தர் இங்க இல்லை" என்றான். அவனுக்குப் பின்னால் கம்பி வேலி தெரிந்தது. வேலிக்கு உள்ளே ஆண்கள் நூற்றுக்கணக்கில் நிலத்தில் குந்தியிருந்தார்கள்.

"எழும்பிப் பாத்திட்டுச் சொல்லு!" என்று அவள் கத்தினாள். "பின்னால கிறுகிப் பாத்திட்டு இல்லையெண்டு சொல்லடா!"

இரண்டு பேர் அவளைப் பிடித்து றோட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கையில் காயம். பஸ்ஸில் வரும்போது அவள் அழவில்லை. மேசைக்காரனின் தலையை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அன்றோடு கழகத்துக்குப் போவதை நிறுத்தினாள். தன்னிடம் இருந்த கழகத்துத் தொலைநோக்கியை ஓவசியர் வீட்டுக் கதவடியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அவரும் வந்து கட்டாயப்படுத்தவில்லை.

போர் முடிந்தது என்று வானொலி சொன்ன அன்று வீதியில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். கடையைப் பூட்டினால் ஏன் பூட்டினாய் என்று கேட்பார்கள் என்று அவள் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தாள். சிவதர்ஷனின் சைக்கிள் போட்டோக் கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்றது. அதில் கட்டியிருந்த மட்டப்பலகையை அவள் அவிழ்க்கவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆடி மாதத்தில் ஹில்மி கடைக்கு வந்து, "அக்கா, கோரைமுனையை நிரப்பப் போறாங்களாம். பெரிய ஹோட்டல். நாளைக்குக் கூட்டம். ஒருக்கா வாங்க" என்றான். அவள் முடியாது என்றாள். ஹில்மி போகாமல் நின்றான். அவனிடம் அவளுக்கு ஏச வராது. போனாள்.

மண்டபத்தில் கம்பனிக்காரர் ஒருவர் திரையில் படம் காட்டினார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, நல்ல தமிழ். கோரைமுனை வெயிலில் வெடித்த சேறாகத் தெரிந்தது. ஆடி மாதத்தில் அது அப்படித்தான் இருக்கும். வடக்கே இருந்து வருகிற பறவை ஐப்பசிக்குப் பிறகுதான் வரும். இது கழகத்துக் கடைக்குட்டிக்கும் தெரியும். அன்னப்பூரணி எழும்பி அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த படம் வந்தது.

"இது நாங்கள் எடுத்த கணக்கு அல்ல" என்றார் கம்பனிக்காரர். "உங்களுடைய ஊர்க் கழகமே எடுத்த கணக்கு. தை மாதக் கணக்கு. ஐந்து வருஷமாகக் கோரைமுனையில் ஒரு பறவைகூட இல்லை. சைபர், சைபர், சைபர், சைபர், சைபர். பார்த்தவர் அன்னப்பூரணி. எழுதியவர் நல்லரத்தினம். இருவருமே இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்னப்பூரணிக்கு முதலில் விளங்கவே இல்லை. அந்த ஐந்து வருஷத்தில் கோரைமுனைக்கு எவரும் போகவில்லை. முதலில் சண்டை, பிறகு கண்ணிவெடி இருக்கிறது என்று சிவப்புப் பலகை, கடைசித் தையில் ஊரையே மூடிய வெள்ளம். அவள் ஓவசியரைத் தேடினாள். மூன்றாம் வரிசையில் இருந்தார். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமைக்குள் மறுப்பு இருந்தால் சொல்லலாம் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். அன்னப்பூரணி ஓவசியரை வாசலில் பிடிக்கவில்லை. அவர் வீடு போய்ச் சேரும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். கேற்றுக்குள் நுழைந்ததும் தொடங்கினாள்.

"என்ர பேரை ஏன் போட்டீங்க?"

ஓவசியர் கதிரையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், ஒரு கண்ணில் வெண்படலம் விழுந்திருந்தது. "மூண்டு வருஷம் தொடர்ந்து பார்க்கவில்லை எண்டு எழுதினா, அந்த இடத்தைக் கணக்கில இருந்து எடுத்துப்போடுவம் எண்டு கொழும்பில சொன்னாங்க. ரெண்டு வருஷம் அப்பிடி எழுதியாச்சு. மூண்டாவது வருஷம் கோரைமுனை பேரே இல்லாமப் போயிடும் எண்டு பயந்தன் புள்ள. சைபர் எண்டு போட்டா இடம் நிக்கும்தானே. சண்டை முடிய நாம போய் எண்ணுவம் எண்டு நினைச்சன்."

"என்ர பேர்?"

"ரெண்டு பேர் வேணும். அது உங்கட இடம். வேற ஒருத்தரை அதில போட எனக்கு மனம் வரயில்ல."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. வேறொருவன் செய்திருந்தால் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயிருப்பாள்.

"அந்த வருஷம் நான் எங்க நிண்டன் எண்டு உங்களுக்குத் தெரியுமா?" அவளுடைய குரல் பக்கத்து வளவுகளில் கேட்டது. "முகாம் வாசலில நிண்டன். ஒருத்தன் தலையை நிமித்தாம என்ர தம்பி இல்லையெண்டான். அவனைப் பாத்து நான் நாயே பேயே எண்டு ஏசினன். அதே மாதம் நீங்க இந்தக் கதிரையில இருந்து, நான் கோரைமுனையைப் பாத்தன், ஒண்டும் இல்லையெண்டு எழுதியிருக்கிறீங்க! அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் இப்ப? சொல்லுங்க ஓவசியர். அம்மாவைத் தேடக்குள்ள பாக்காத இடத்துக்கு எழுதாதே எண்டு கத்தினது நீங்கதானே? நீங்கதானே!"

உள்ளே இருந்து அவருடைய மனைவி கதவடிக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"வந்து உள்ளதைச் சொல்லுங்க" என்றாள் அன்னப்பூரணி. "போகயில்ல, பாக்கயில்ல, வீட்டில இருந்து போட்ட சைபர் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. ஆடி மாசத்தில காட்ட அங்க ஒரு பறவையும் இல்லை. உங்கட வாய்தான் இருக்கு."

"சொன்னா, நாம எண்ணின எல்லாத்தையும் பொய்யெண்டுவாங்க புள்ள. கழகமே போயிடும்."

"போகட்டும்!"

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த இரண்டு கிழமையும் கடைக்கு வந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஓவசியர் வருவார் என்று அவள் நம்பவில்லை. ஆனால் இரண்டாவது கூட்டத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, தலை சீவி, கல்யாணவீட்டுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். பேர் கூப்பிட்டதும் எழும்பி நின்று ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அந்த ஐந்து சைபரும் நான் வீட்டில் இருந்து எழுதியது. அந்த இடத்துக்கு நாங்கள் போகவில்லை. இந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. இவள் பெயரைக் கேளாமல் போட்டது என்னுடைய பிழை. அதற்கு முன்னம் நாங்கள் போன இரண்டு தையிலும் அங்கே ஆயிரக்கணக்கில் பறவை இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதினோம்."

மேடையில் இருந்த அதிகாரி சிரித்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை, சும்மா ஒரு பகிடிபோலத்தான் கேட்டார். "அப்ப அந்த ஆயிரமும் வீட்டில இருந்து எழுதினது இல்லையெண்டு நாங்க எப்பிடி நம்புறது ஐயா?"

மண்டபம் சிரித்தது. நம்முடைய சனமும் சிரித்தது, அதைத்தான் சொல்லவேண்டும். வேலை கிடைக்கும் என்று சொல்லி லொறியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் சிரித்தார்கள். ஓவசியரிடம் வாய்க்கால் தண்ணீருக்காக ஒரு காலத்தில் கைகட்டி நின்றவர்களும் சிரித்தார்கள். அன்னப்பூரணி எழும்பி, "நான் பாத்தன்! இந்தக் கண்ணால பாத்தன்!" என்று கத்தினாள். "உங்கட பேரில சைபரும் இருக்கே அம்மா" என்றார் அதிகாரி. ஹில்மி அவளுடைய கையைப் பிடித்து இருத்தினான். கார்த்திகைக்கு முன்பே டிப்பர்கள் கோரைமுனைக்குக் கிறவல் மண் ஏற்றத் தொடங்கிவிட்டன.

கழகம் உண்மையாகவே உடைந்தது. பாதிப் பேர் வராமல் விட்டார்கள். தை பிறந்ததும் அன்னப்பூரணி ஹில்மியிடம் போய் அவனுடைய பெரிய தொலைநோக்கியைக் கேட்டு வாங்கினாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. விடிந்த கையோடு மண்முனைத் துறைக்குப் போனபோது பாதையில் ஓவசியர் ஏறி இருந்தார். மடியில் தாள் வைத்து எழுதுகிற பலகையும் குடையும். கூட்டத்துக்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எழுத ஆள் வேணும்தானே" என்றார்.

அவள் அவரைப் போகச் சொல்லவில்லை.

கோரைமுனை சிவப்பாக இருந்தது. தண்ணீருக்கு மேல் ஆள் உயரத்துக்குக் கிறவலைக் கொட்டி உருளை ஓட்டி மட்டமாக்கியிருந்தார்கள். காவலாளி ஒருவன் தகரக் கொட்டிலில் இருந்து எழும்பி வந்து, "இஞ்ச ஒரு குருவியும் இல்லை அம்மா, என்னத்தைப் பாக்கப்போறீங்க?" என்றான். "இல்லையெண்டு நான் பாத்துத்தான் சொல்லவேணும்" என்று அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கொட்டிலுக்குத் திரும்பிவிட்டான்.

அவள் தொலைநோக்கியை நிறுத்தினாள். எதிர்க்கரைப் பனைகள் அதே இடத்தில் நின்றன. முதலாவது துண்டில் இருந்து தொடங்கினாள். ஓவசியர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கிறவல் மேட்டை ஒவ்வொரு அடியாகப் பார்த்தாள். மேட்டின் ஓரத்தில் மிச்சமிருந்த சேற்றைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். தூரத்தில் தாராக் கூட்டம் ஒன்று தாழ்ந்து வந்து, இறங்க இடம் பார்த்து, வட்டமிட்டுவிட்டுத் தெற்கே போனது. அது இறங்கவில்லை, ஆகவே அது கணக்கில் இல்லை. அவள் திரும்பவும் முதலாவது துண்டுக்கு வந்து முழுவதையும் இன்னொரு முறை பார்த்தாள்.

"என்ன புள்ள?" என்றார் ஓவசியர்.

"சைபர்."

பேனை அசையவில்லை. அவருடைய கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. அவளுக்கு இரக்கம் வந்தது, அந்த இரக்கத்தின் மேலும் கோபம் வந்தது.

"எழுதுங்க ஓவசியர். இது பாத்துப் போடுற சைபர். என்ர பேரையும் எழுதுங்க."

அவர் எழுதினார். பார்த்தவர் அன்னப்பூரணி. எழுதியவர் நல்லரத்தினம். அவள் வாங்கி வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள். திரும்பி வருகையில் பாதை கரை தட்ட, அவர் எழும்பத் தடுமாறியபோது கையைக் கொடுத்தாள்.

அந்தத் தை முடிவதற்குள் ஒரு நாள் ஓர் அலுவலர் அவளுடைய கடைக்கு வந்தார். கையில் ஒரு படிவம். காணாமல்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்களாம். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து வைத்தால் போதுமாம், உதவிப்பணமும் வருமாம். மிகவும் மரியாதையாக, தணிந்த குரலில் சொன்னார். சிவதர்ஷனின் பெயரை அவரே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்.

கடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இரண்டு அடி விலகினார்கள். அவள் கத்தப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அன்னப்பூரணி படிவத்தை வாங்கி மேசையில் வைத்து, மேலிருந்து கீழ்வரை ஆறுதலாக வாசித்தாள். பிறகு பேனையை எடுத்து அடியில் ஒரு கோடு கீறி, கோட்டுக்கு முன்னால் 'பார்த்தவர்' என்று எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இதில ஒரு பேர் வேணும் ஐயா" என்றாள். சத்தமே போடவில்லை. "என்ர தம்பி செத்துக் கிடந்ததைப் பாத்தவர் ஆர்? இல்லாட்டி, தேடிப் பாத்திட்டு இல்லையெண்டு சொல்றவர் ஆர்? நீங்களா? உங்களுக்கு மேல இருக்கிறவரா? ஆரெண்டாலும் பேரைப் போட்டுக் கொண்டு வாங்க. அடுத்த நிமிசம் நான் கையெழுத்து வைக்கிறன்."

அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேனை அவருடைய பக்கமாகவே கிடந்தது. கடைசியில் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சிவதர்ஷனின் சைக்கிளில் இடிபடாமல் ஒதுங்கி வெளியே போனார். அன்னப்பூரணி பேனையை எடுத்து மூடி, வரிசையில் அடுத்து நின்ற பெண்ணிடம் அடையாள அட்டைக்குக் கையை நீட்டினாள்.